தாளில்லா நூலின் விலை

நுழையும்முன்

ஒரே நூல் இன்று தாளிலும் கிடைக்கிறது; திரையிலும் கிடைக்கிறது. தாளும் மையும் தைப்பும் இல்லாத மின்னூலுக்கு அச்சுநூலின் விலையையே கேட்பது முறையா? அல்லது, மின்னூல் என்பதனாலேயே அதனை விலையின்றி எதிர்பார்ப்பது முறையா? ஒரு நூலின் விலை எவற்றால் ஆகிறது என்பதையும், விலைகொடுத்த வாசகர் கையில் எஞ்சுவது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நான் மேல்நிலை வகுப்பில் பயின்ற காலத்தில், கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் தெருவில் ஒரு சிறு வணிகம் நடைபெறும். தேர்வு முடித்த மாணவர்கள் தம் பாடநூல்களை அடுத்த ஆண்டு அவ்வகுப்புக்கு வருவோரிடம் விற்பார்கள். அட்டை நன்றாக இருந்தால் அரைவிலை, கிழிந்திருந்தால் கால்விலை. எனக்கு வாய்த்த தமிழ்ப் பாடநூலின் ஓரங்களில், அதனை முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் எழுதிய சொற்பொருள் குறிப்புகள் இருந்தன. அவற்றுள் சில தவறானவை என்பதை ஆசிரியரான பிறகே அறிந்தேன்! ஓராண்டு பயன்படுத்திய பின் அந்நூலை அதே அரைவிலைக்கு வேறொரு மாணவிக்குக் கொடுத்துவிட்டேன். கணக்குப் பார்த்தால், ஓராண்டுக் காலம் அந்நூலைப் படித்ததற்கு எனக்கு ஆன செலவு ஏதுமில்லை.

இன்று உங்கள் கையிலுள்ள இப்பாடநூலுக்கு மின்வடிவமும் உண்டு. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் வெளியிடும் பாடநூல்களை இணையத்திலிருந்து எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். அதனால் இதற்குச் செலவே ஆகவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பாடங்களை எழுதியோர், மேலாய்வு செய்தோர், ஓவியம் தீட்டியோர், பக்கங்களை வடிவமைத்தோர், மெய்ப்புத் திருத்தியோர் எனப் பலருடைய உழைப்பு இதில் அடங்கியுள்ளது. அச்செலவை அரசு முன்னரே ஏற்றுக்கொண்டதால்தான் மின்வடிவத்தை விலையின்றி வழங்க முடிகிறது. அரசின் துணையின்றி, நூலை விற்றே அடுத்த நூலுக்கு முதல் தேடவேண்டிய ஒரு பதிப்பகத்தின் நிலை வேறு. மின்னூலின் விலை பற்றிய வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

முதற்படியின் செலவு

நூலாக்கச் செலவு இருவகைப்படும். எத்தனை படிகள் விற்றாலும் மாறாமல் நிற்பது நிலைச்செலவு. படிகளின் எண்ணிக்கை கூடக்கூடத் தானும் கூடுவது மாறும் செலவு. கையெழுத்துப்படியைச் செம்மையாக்குதல், தட்டச்சு செய்தல், மெய்ப்புத் திருத்துதல், பக்க வடிவமைப்பு, அட்டைப்பட ஓவியம் ஆகியன முதல்வகை. முதற்படி உருவாகுமுன்பே இச்செலவு முழுவதும் ஆகிவிடும். தாள், அச்சு, கட்டுமானம், போக்குவரத்து ஆகியன இரண்டாம் வகை. மின்னூல் இரண்டாம் வகைச் செலவை ஏறத்தாழ முற்றிலும் நீக்கிவிடுகிறது. முதல்வகைச் செலவைத் தொடுவதே இல்லை.

இதனை விளங்கிக்கொள்ள, உண்மை வணிகத்தை ஒட்டிய ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நூலின் விலை 200 ரூபாய். அச்சிட்டது 1000 படிகள். அனைத்தும் விற்றுவிட்டன எனக் கொள்வோம். விற்பனையாளருக்குரிய கழிவு 35 விழுக்காடு என்றால் 70 ரூபாய் அவருக்குப் போகும். நூலாசிரியருக்குரிய உரிமைத்தொகை 10 விழுக்காடு. அது 20 ரூபாய். தாளுக்கும் அச்சுக்கும் கட்டுமானத்துக்கும் படி ஒன்றுக்கு 50 ரூபாய். எஞ்சும் 60 ரூபாயில் நூல்களை அடுக்கி வைக்கும் கிடங்குக்கும் போக்குவரத்துக்கும் 10 ரூபாய் கழிந்தால், 50 ரூபாய் மீதம். நிலைச்செலவு, ஊழியர் ஊதியம், பதிப்பாளரின் வருவாய் ஆகிய அனைத்தும் அந்த 50 ரூபாய்க்குள் அடங்க வேண்டும்.

இப்போது அதே நூலை மின்னூலாக்குவோம். தாளும் கிடங்கும் இல்லை. ஆசிரியருக்கு 20 ரூபாயும் பதிப்பகத்துக்கு 50 ரூபாயும் குறையாமல் கிடைக்க வேண்டும் என்றால், படி ஒன்றுக்கு 70 ரூபாய் கைக்கு வந்தால் போதும். ஆனால் இணைய விற்பனைத் தளமும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அத்தளம் 30 விழுக்காடு எடுத்தால், மின்னூலின் விலை 100 ரூபாய். 65 விழுக்காடு எடுத்தால்? விலை 200 ரூபாய்! தாளே இல்லாத நூல் தாள்நூலின் விலையைத் தொட்டுவிடுகிறது. இவ்விரு விழுக்காடுகளும் நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டவை அல்ல. அமேசான் நிறுவனத்தின் நேரடி வெளியீட்டுத் திட்டத்தில் நூலாசிரியருக்குக் கிடைப்பது, நிபந்தனைகளைப் பொறுத்து, விலையில் 70 விழுக்காடு அல்லது 35 விழுக்காடு. மீதம் தளத்துக்கு உரியது. ஆக, ‘தாள் இல்லையே, விலை ஏன் குறையவில்லை?’ என்று கேட்பவர், ‘இடையில் நிற்பவர் எவ்வளவு எடுக்கிறார்?’ என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கணக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. மேலே 1000 பேர் வாங்குவதாகக் கொண்டோம். 50 ரூபாய் வீதம் திரட்டவேண்டிய 50,000 ரூபாயை 100 பேரிடமிருந்தே திரட்ட நேர்ந்தால், ஒவ்வொருவர் பங்கும் 500 ரூபாயாகும். ஆங்கில நூலொன்றின் நிலைச்செலவை உலகெங்கும் உள்ள வாசகர் பகிர்ந்துகொள்கின்றனர். தமிழில் ஆய்வுநூலோ கவிதைத் தொகுப்போ சில நூறு படிகளே அச்சாவது வழக்கம். எனவே, தமிழ் மின்னூலின் விலையை ஆங்கில மின்னூலின் விலையோடு ஒப்பிட்டுக் குறைகூறுவது பொருந்தாது. அச்சுநூலின் விற்பனையிலேயே நிலைச்செலவு மீண்டுவிட்ட பழைய நூலாயின், அதன் மின்வடிவத்தை மிகக் குறைந்த விலைக்குக் கொடுப்பதில் தடையில்லை.

தமிழுக்கே உரிய ஒரு செலவையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறி முறையைத் தரமாக ஏற்றது. அதற்கு முன்பு கணினியில் ஏற்றப்பட்ட நூல்கள் பலவும் வெவ்வேறு எழுத்துருக் குறியேற்றங்களில் அமைந்தவை. அச்சிடுவதற்கு அவை போதுமானவையாக இருந்தன. மின்னூலாக்க முனையும்போது அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மாற்றும் மென்பொருள் எவ்வளவு சிறந்ததாயினும் ஒகர, ஓகார உயிர்மெய்கள் பிளவுபடுவதும், கிரந்த எழுத்துகள் இடம்மாறுவதும் நிகழ்ந்தே தீரும். ஆகவே நூல் முழுவதையும் மறுபடி மெய்ப்புத் திருத்த வேண்டும். மின்னூல் ஒரு பொத்தானை அழுத்தினால் பிறந்துவிடும் என்று எண்ணுவோர் இப்பணியில் ஒருநாள் அமர்ந்து பார்க்கலாம்.

தெரிந்து தெளிவோம்

1971 சூலை 4 அன்று மைக்கேல் ஹார்ட் என்பவர் அமெரிக்க விடுதலைச் சாற்றுரையைக் கணினியில் தட்டச்சு செய்ததிலிருந்து குட்டன்பர்க் திட்டம் தொடங்கியது. தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் கட்டணமின்றி வழங்கும் மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்டது. இதன் பணியை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் செய்துவருகின்றனர். இந்தியாவில் நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தபின் அவருடைய எழுத்து பொதுவுடைமையாகிவிடும். பாரதியார் முதலான பலருடைய படைப்புகளை அரசு நாட்டுடைமையாக்கியும் உள்ளது. அத்தகைய நூல்களை மின்வடிவில் விலையின்றிப் பெறுவது முற்றிலும் முறையானதே.

வரியும் ஒரு விலை

விலையைக் கூட்டும் மற்றொன்று வரி. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது அச்சுநூலுக்கு வரி விலக்கு அளிக்கப்பட்டது. மின்னூலுக்கோ 18 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. 2018 சூலை 27 முதல், அச்சுவடிவமும் உடைய மின்னூல்களுக்கு இது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அச்சில் வராமல் மின்வடிவில் மட்டுமே வெளியாகும் நூலுக்கு அக்குறைப்பு இல்லை. அச்சிடப் பணமில்லாமல் மின்னூலாக மட்டும் தம் முதல் நூலை வெளியிடும் இளம் எழுத்தாளரே அதிக வரியைச் சுமக்க நேர்வது எனக்கு விந்தையாகத் தோன்றுகிறது.

ஐரோப்பாவிலும் இச்சிக்கல் எழுந்தது. பிரான்சும் லக்சம்பர்க்கும் மின்னூலுக்கு அச்சுநூலுக்குரிய குறைந்த வரியையே விதித்தன. அது விதிகளுக்கு முரணானது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. பின்னர் விதியையே திருத்தி, 2018இல் உறுப்பு நாடுகளுக்கு அவ்வுரிமையை ஒன்றியம் வழங்கியது. பிரிட்டன் 2020 மே முதல் மின்னூல் மீதான வரியை நீக்கியது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் சட்டத்தின் பார்வையில் இருக்கிறது. அச்சுநூல் ஒரு பொருள். மின்னூல் இணையவழி வழங்கப்படும் ஒரு சேவை. வரிக்காகச் செய்யப்பட்ட இப்பகுப்பு வாசகரின் உரிமையையும் தொடுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

விலையை வைப்பவர் யார்?

2007 நவம்பரில் அமேசான் நிறுவனம் கிண்டில் என்னும் படிப்புக் கருவியை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. கெட்டி அட்டையிட்ட புதிய நூல் 25 டாலர் அளவில் விற்ற காலத்தில், விற்பனையில் முன்னிற்கும் நூல்களின் மின்வடிவை 9.99 டாலருக்கு அது விற்றது. தான் கொள்முதல் செய்த விலைக்கும் குறைவாகப் பல நூல்களை விற்று, வாசகரைத் தன் கருவியின்பால் ஈர்த்தது. இவ்விலையே நிலைத்துவிடும் எனப் பதிப்பாளர்கள் அஞ்சினர். 2010இல் ஆப்பிள் நிறுவனம் ஐபேடு கருவியோடு களத்தில் இறங்கியபோது, விலையைப் பதிப்பாளரே முடிவு செய்வது, விற்பவர் 30 விழுக்காடு பெறுவது என்னும் புதிய ஏற்பாடு உருவானது. பல மின்னூல்களின் விலை 12.99 டாலர், 14.99 டாலர் என உயர்ந்தது. இதில் கூட்டுச்சதி இருப்பதாகக் கூறி, 2012இல் அமெரிக்க அரசு ஆப்பிள் மீதும் ஐந்து பெரும் பதிப்பகங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. பதிப்பகங்கள் சமரசம் செய்துகொண்டன. ஆப்பிள் குற்றமிழைத்ததாக 2013இல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடுகள் முடிந்தபின் அது செலுத்திய தொகை 45 கோடி டாலர். அதில் 40 கோடி டாலர் மின்னூல் வாங்கிய வாசகர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

9.99 டாலர் என்னும் விலையும் தாளின் செலவைக் கணக்கிட்டு வைத்ததன்று, 14.99 டாலர் என்பதும் அவ்வாறு வைத்ததன்று. முன்னது சந்தையைப் பிடிப்பதற்காகவும், பின்னது அச்சுநூலின் விலையைக் காப்பதற்காகவும் வைக்கப்பட்டவை. மலிவான வடிவம் வந்தால் விலைமிக்க வடிவம் அழிந்துவிடும் என்னும் அச்சம் புதியதன்று. 1935இல் ஆலன் லேன் என்பவர் இங்கிலாந்தில் பெங்குவின் நூல்களை ஆறு பென்னி விலையில் மெல்லட்டை நூல்களாக வெளியிட்டபோதும் பதிப்புலகில் இதே கலக்கம் இருந்தது. கெட்டி அட்டை நூல் அழியவில்லை. நூல் வாங்கும் வழக்கமில்லாத பலர் புதிதாக வாசகராயினர்.

வாங்கியது நூலா, உரிமமா?

இதுவரை நூலை உருவாக்குவோர் பக்கம் நின்று பார்த்தோம். இனி வாசகர் பக்கம் வருவோம். என் மதிப்பீட்டில், இவ்வழக்கில் வலுவான வாதம் இங்குதான் இருக்கிறது.

அச்சுநூலை வாங்கியவர் அதனைப் படித்தபின் நண்பருக்குக் கொடுக்கலாம், நூலகத்துக்கு வழங்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம், தம் மக்களுக்கு விட்டுச் செல்லலாம். இவற்றுக்குப் பதிப்பாளரின் இசைவு தேவையில்லை. வணிகத் தளங்களில் மின்னூல் ‘வாங்கு’ என்னும் பொத்தானை அழுத்துவோர் பெரும்பாலும் பெறுவது நூலை அன்று. படிப்பதற்கான உரிமத்தையே பெறுகின்றனர். அவ்வுரிமத்தை மற்றவருக்கு மாற்ற இயலாது. பயன்படுத்திய மின்னூல்களை மறுவிற்பனை செய்ய ஒரு டச்சு நிறுவனம் முயன்றபோது, அச்சுநூலுக்குள்ள மறுவிற்பனை உரிமை இதற்குப் பொருந்தாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

உரிமம் என்றால் அதனைத் திரும்பப் பெறவும் இயலும். 2009 சூலையில், விற்கும் உரிமையில்லாத ஒருவர் பதிவேற்றிய பதிப்புகள் எனக் கூறி, ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நாவல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே நீக்கியது. பணத்தைத் திருப்பித் தந்தது. பின்னர் மன்னிப்பும் கேட்டது. அந்நாவலோடு தாம் எழுதிவைத்த குறிப்புகளையும் பயன்படுத்த முடியாமற்போனதாக ஒரு பள்ளி மாணவர் வழக்குத் தொடுத்தார். 2019இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கு வாங்கிய நூல்கள் யாவும் படிக்க இயலாதவையாயின. அங்கும் பணம் திரும்பக் கிடைத்தது, நூல்தான் கிடைக்கவில்லை. கடை மூடப்பட்டதும் நம் வீட்டு அலமாரியிலுள்ள நூல் மறைந்துபோவதை அச்சுலகில் யாரும் கண்டதில்லை.

நூலகங்களின் நிலை இன்னும் நுட்பமானது. அச்சுநூலை ஒருமுறை வாங்கிய நூலகம், அது நைந்துபோகும்வரை நூற்றுக்கணக்கானோருக்கு இரவல் தரும். 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் தன் மின்னூல்களை அமெரிக்க நூலகங்கள் 26 முறை மட்டுமே இரவல் தரலாம் என்று விதித்தது. அதற்குமேல் மீண்டும் விலைகொடுக்க வேண்டும். நைந்துபோகாத நூலுக்கு நைந்துபோகும் நாளை விதித்த விந்தை இது.

இப்போது என் அரைவிலைப் பாடநூலை நினைவுகூருங்கள். 200 ரூபாய்க்கு வாங்கிய அச்சுநூலைப் பின்னர் 100 ரூபாய்க்கு விற்க முடியுமாயின், வாசகருக்கு ஆன உண்மைச் செலவு 100 ரூபாய். 150 ரூபாய்க்கு வாங்கிய மின்னூலை விற்க இயலாது. செலவு 150 ரூபாயே. அட்டையிலுள்ள விலையைப் பார்த்து மின்னூல் மலிவு என்று நாம் எண்ணுகிறோம். கைமாறும் வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், அச்சுநூல் மலிவாகிவிடுகிறது.

மின்னூல் தரும் பயன்களையும் மறைக்கக் கூடாது. எழுத்தின் அளவைப் பெரிதாக்கலாம். ஒரு சொல்லை நூல்முழுதும் நொடியில் தேடலாம். அயல்நாட்டில் வாழும் தமிழருக்கு நூலின் விலையைவிட அஞ்சல் கட்டணம் மிகுதி. மின்னூல் அதனை இல்லாமற் செய்கிறது. எல்லாவற்றினும் மேலாக, பார்வைத்திறன் குறைந்தோர் திரைவாசிப்பான் மென்பொருளின் துணையுடன், பிறரை எதிர்பாராமல் தாமே நூலைக் கேட்டறியலாம். அவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் முதலாவதாக ஏற்பிசைவு அளித்த நாடு இந்தியா. இப்பயன்களுக்காகக் கூடுதல் விலை கேட்கலாமா என்றால், கேட்கக் கூடாது என்பேன். கண் தெரிவோர் ஒரு விலைக்கும், தெரியாதோர் அதனினும் மிகுந்த விலைக்கும் ஒரே நூலைப் படிப்பது அறமாகாது.

ஆகவே மின்னூலின் விலை குறைந்தே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தாள் இல்லாதது அதற்குச் சிறு காரணம். வாசகர் பெறும் உரிமை குறைவாக இருப்பது பெருங்காரணம். இரவல் தரவோ கைமாற்றவோ முடியாத மின்னூலுக்கு அச்சுநூலின் விலையில் பாதிக்குமேல் கேட்பதை என்னால் ஏற்க இயலவில்லை. எவ்விதப் பூட்டுமின்றிக் கோப்பாகவே தந்துவிடும் பதிப்பகம் சற்று மிகுதியாகக் கேட்கலாம். ஆனால் குறைக்கப்படும் தொகை நூலாசிரியரின் 20 ரூபாயிலிருந்து எடுக்கப்படக் கூடாது. விலையின் பத்தில் ஒரு பங்கு என்னும் அச்சுநூல் வழக்கத்தை அப்படியே மின்னூலுக்கும் பின்பற்றினால், 100 ரூபாய் நூலில் அவருக்குக் கிடைப்பது 10 ரூபாய். அவருடைய உழைப்பு எவ்வகையிலும் பாதியாகவில்லை.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவர் ஒருவர் அண்மையில் வெளிவந்த நாவல் ஒன்றைத் திறன்பேசியில் படித்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் அச்சுநூலைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் குழுவில் பகிர்ந்த கோப்பு அது. இது நூலாசிரியரின் உரிமையைப் பறிப்பதல்லவா என்று கேட்டேன். “நூலின் விலை கூடுதல், ஐயா” என்றார். இருவரும் தேடிப் பார்த்தோம். அச்சுநூல் 180 ரூபாய். மின்னூல் 120 ரூபாய். மின்னூலையே வாங்கிவிடுவதாக முதலில் சொன்னவர், சற்று எண்ணிப் பார்த்து, “படித்து முடித்ததும் விடுதியில் இருக்கும் தங்கைக்கு இதை அனுப்பலாமா, ஐயா?” என்று கேட்டார். அத்தளத்தின் விதிகளைப் படித்தோம். அதற்கு இடமில்லை. மறுவாரம் அவர் கையில் அச்சுநூல் இருந்தது. அதன் முதற்பக்கத்தில் இருவர் பெயரும் எழுதப்பட்டிருந்தன.